கல்வராயன் மலைப் பள்ளத்தாக்கில் 3 நாள் ஷூட்டிங்: கணக்கு சரியா?

கெடிலக்கரை (கடலூர்):
பொங்கல் முடிந்த வாரம் வெள்ளிமலைக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் குறும்பட ஷூட்டிங். 14 பேர், ஒரு 2.5 கிலோவாட் ஹெச்எம்ஐ (பகல் வெயில் மாதிரி வெளிச்சம் தரும் பெரிய விளக்கு), சின்ன ட்ரோன். கதையில் ஆட்டு மந்தை உண்டு. காலை 6.30 முதல் மாலை 6 வரை வெயில் என்று வைத்து 42 ஷாட் பிரித்திருக்கிறோம். சரியாக வருமா? பர்மிஷன் யாரிடம் வாங்கணும்?

மஞ்சள்வெயில்:
வராது. அது கடலூர் பீச்சுக்குப் பொருந்தும் கணக்கு. பள்ளத்தாக்கில் சூரியன் எப்போது வரும் என்பதைக் காலண்டர் சொல்லாது, எதிர்மலை சொல்லும்.

கையை நேராக நீட்டி முஷ்டியை மூடுங்கள். அதன் உயரம் சுமார் 10 டிகிரி. கண்மட்டத்திலிருந்து மலை உச்சி வரை எத்தனை முஷ்டி என்று எண்ணுங்கள். ஜனவரியில் நம்ம ஊர் அட்சரேகைக்கு ஒரு முஷ்டிக்கு முக்கால் மணி நேரம் போய்விடும். கிழக்கே இரண்டு முஷ்டி இருந்தால் 8 மணி தாண்டித்தான் தரையில் வெயில் விழும். மேற்கே ஒன்றரை இருந்தால் 5 மணிக்கு முன்பே நிழல். அளக்கும்போது நேர் கிழக்கைப் பார்க்காதீர்கள். அந்த மாதம் சூரியன் 20, 25 டிகிரி தெற்கே தள்ளி ஏறும். நேர் கிழக்கில் ஒரு கணவாய் இருந்து, தெற்கே தள்ளி உச்சி இருந்தால் மொத்தக் கணக்கும் கவிழும்.

நிழல் நேரம் வீண் இல்லை. வசனக் காட்சிகளுக்கு அதைவிட மென்மையான வெளிச்சம் கிடைக்காது. ஆனால் வெயில் பட்ட மலைச்சரிவு நடிகருக்குப் பின்னால் வந்தால் அது வெள்ளையாக வெந்துவிடும், இல்லையென்றால் முகம் கரியாகும். கேமராவை நிழல் சரிவுப் பக்கம் திருப்புங்கள். 42 ஷாட்டில் வெயில் கட்டாயம் வேண்டியவற்றைத் தனியாகப் பிரித்து 9 முதல் 4 வரைக்குள் அடக்குங்கள்.

ஜென்செட்:
வெளிச்சம் பற்றி மஞ்சள்வெயில் சொன்னதே போதும், நான் கரண்ட் பக்கம் வருகிறேன். 2.5 கிலோவாட் விளக்கு, அதற்குக் கரண்டைச் சீராக்கித் தரும் பேலஸ்ட்டோடு சேர்த்து 12 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். 5 கேவிஏ ஜெனரேட்டர் பெட்டி போதும், ஆனால் 3,000 அடி உயரத்தில் டர்போ இல்லாத இன்ஜின் ஏறத்தாழ 10 சதவீதம் பலம் இழக்கும். அதோடு அதே பெட்டியில் டீ கெட்டிலையும் சொருகினால் விளக்கு அணையும். (எல்லா யூனிட்டிலும் யாராவது சொருகுவார்கள்.)

சத்தத்துக்குப் பயந்து ஜெனரேட்டரை 100 மீட்டர் தள்ளி வைப்பீர்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் அந்தத் தூரத்துக்குப் போக வர 18 வோல்ட் விழும். 6 சதுர மில்லி போட்டால் 7 வோல்ட்தான். தூரத்தைவிட மறைவு முக்கியம். எதிரே பாறைச்சுவர் இருந்தால் சத்தம் அதில் பட்டுத் திரும்பும், அதனால் மேட்டுக்குப் பின்னால் வையுங்கள். ஒரு தடவை கைதட்டிப் பாருங்கள்: எதிரொலி ஒரு வினாடியில் வந்தால் சுவர் 170 மீட்டரில் இருக்கிறது.

கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பெரிய வேன் வேண்டாம். டாடா ஏஸ் மாதிரி சின்ன வண்டி எடுங்கள். டீசலைக் கள்ளக்குறிச்சியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

சர்வே நம்பர்:
பர்மிஷன் யாரிடம் என்பது நீங்கள் நிற்கும் நிலத்தைப் பொறுத்தது. 'அந்தப் பள்ளத்தாக்கு' என்று எழுதிப் போனால் எந்த அலுவலகமும் கையெழுத்துப் போடாது. முதலில் வி.ஏ.ஓ.விடம் சர்வே எண், அ-பதிவேடு (எந்த நிலம் யாருடையது, என்ன வகை என்ற கிராமக் கணக்கு) பாருங்கள். பட்டா என்றால் உரிமையாளர் எழுத்தில் தரணும். புறம்போக்கு என்றால் வருவாய்த்துறை. காப்புக்காடு என்றால் வனத்துறை, அதுதான் நாள் இழுக்கும். ஓடைக்கு இந்தக் கரை பட்டா, அந்தக் கரை காப்புக்காடு என்று இருக்கும். நடிகர் ஓடையைத் தாண்டினால் இரண்டு அனுமதி. மாவட்டம் கள்ளக்குறிச்சி, 2019லிருந்து. பழைய விழுப்புரம் முகவரிக்கு மனு அனுப்பாதீர்கள்.

ட்ரோன் 250 கிராமுக்குள் என்றால் நானோ, பைலட் சான்று வேண்டாம். அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. வணிகப் படப்பிடிப்புக்குச் சான்று கட்டாயம். பச்சை மண்டலத்தில் (பறக்கத் தனி அனுமதி வேண்டாத வான்பகுதி) 400 அடிதான் வரம்பு. கவனம்: திரையில் தெரியும் உயரம் கிளம்பிய இடத்திலிருந்து கணக்கு. பள்ளத்தின் அடியிலிருந்து ஏற்றி, 'வீடு திரும்பும்' உயரத்தை (ட்ரோன் தானாகத் திரும்பி வரும் உயரம்) 30 மீட்டரில் விட்டிருந்தால், சிக்னல் போனதும் நேராக மலை மரத்தில் போய் மோதும்.

கெடிலக்கரை (கடலூர்):
நன்றி. ஆட்டு மந்தை பற்றி யாரும் சொல்லவில்லையே? சில க்ளோசப்பை எங்கள் கடலூர் பக்கத்து கேப்பர் மலையில் எடுத்துச் சேர்க்கலாமா?

சர்வே நம்பர்:
ஆடுகளை நடிக்க வைத்தால் இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். கால்நடை மருத்துவர் சான்று சேர்த்து முன்கூட்டியே அனுப்புங்கள். தணிக்கைக்குப் போகும் படமென்றால் அது இல்லாமல் அங்கேயே நின்றுவிடும்.

கேப்பர் மலைச் செம்மண் ஓடைகள் க்ளோசப்புக்கு ஒத்துவரும். ஆனால் ஃபிரேமில் முந்திரி மரம் தெரிந்தால் இடம் வேறு என்று மாட்டிக்கொள்வீர்கள். மத்திய சிறை பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே ட்ரோனை எடுக்கவே வேண்டாம்.