நாலு கோடும் ஆடி அமாவாசை வெயிலும்

கல்லடி அக்கா:
நேற்று இந்தக் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார்: “லேசர் லைட் ஒருதரம் பிடித்தால் முகத்தில் பத்து வயது குறையும், எந்தத் தோலுக்கும் பயமில்லை.” அதற்குக் கீழே பெண்பிள்ளைகள் வரிசையாக விலை கேட்டு நிற்கிறார்கள். வாசிக்க வாசிக்க எனக்கு வயிறு பற்றி எரிந்தது. என் தங்கச்சிக்கு 43 வயது. போன வருஷம் டவுனில் ஒரு பியூட்டி பாலரில் இதே கதையைச் சொல்லித்தான் ஐபிஎல் என்ற வெளிச்ச மெஷின் பிடித்தார்கள். தோல் எப்படிப்பட்டது என்று பார்க்கவில்லை, காதுக்குப் பின்னால் ஒரு சின்ன இடத்தில் பிடித்துச் சோதிக்கவும் இல்லை. அன்று பின்னேரமே கண்ணாடிக்கு முன்னால் நின்று அழுகிறாள். வலக் கன்னத்தில் நாலு கோடு, ஒவ்வொன்றும் நீள்சதுரமாக, ஓரம் வெட்டினாற்போல் நேராக, கோடுகளுக்கு இடையில் நல்ல தோல். மெஷினின் கண்ணாடி முனை எப்படியோ அப்படியே அச்சு விழுந்திருக்கிறது. இதுவா பயமில்லாத வைத்தியம்?

கல்முனை ஒளி:
நான்தான் எழுதினேன், ஒளித்துக்கொள்ளவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன் அக்கா. உங்கள் தங்கச்சி அதற்குப் பிறகு வெயிலில் போனாவா இல்லையா?

கல்லடி அக்கா:
நாலாம் நாள் மட்டக்களப்பு மாமாங்கக் கோவில் குளத்தில் ஆடி அமாவாசைத் தீர்த்தம். அப்பா போன முதல் வருஷம், போகாமல் இருப்பாளா? குடையோடு போனாள். ஆனால் கோடு விழுந்தது மெஷின் பிடித்த அன்றைக்கு.

கல்முனை ஒளி:
வந்துவிட்டதே விஷயம்! வெயில்! ஆடி வெயிலில் குளக்கரையில் நின்றுவிட்டு மெஷினைக் குறை சொல்கிறீர்கள். லைட் பிடித்தால் வெயிலில் போகக்கூடாது என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

கல்லடி அக்கா:
தெரியுமென்றால் பாலரில் ஏன் சொல்லவில்லை? தம்பி, நாளை எண்ணத் தெரியாதா உமக்கு? கோடு முதல் நாள். தீர்த்தம் நாலாம் நாள். வெயில் வந்து தோலில் நீள்சதுரம் கீறுமா?

அக்கரைப்பற்று நானா:
ராத்தா சொல்வதில் நியாயம் இருக்கு. ஐபிஎல் லேசரே இல்லை. லேசர் ஒரே அலைநீளம். ஐபிஎல் என்பது பல அலைநீளம் கலந்த பளிச் வெளிச்சம், சுமார் 500 தொடக்கம் 1200 நானோமீற்றர் வரை. அது தோலின் கறுப்பு நிறமியைத் தேடிப் போய்ச் சூடாக்கும். வெள்ளைத்தோலில் கரும்புள்ளி மட்டும் சூடாகும். நம்மட தோலில் நிறமி எங்கும் இருக்கிறதே, எல்லாம் சூடாகும். பிட்ஸ்பாட்ரிக் என்ற தோல் மருத்துவர் 1975இல் போட்ட தோல் வகைப் பட்டியலில் முதலில் வெள்ளைத்தோல்தான் இருந்தது, மண்ணிறத்தையும் கறுப்பையும் பிறகுதான் சேர்த்தார்கள்.

கல்முனை ஒளி:
லைட்டோ லேசரோ, பெயரில் என்ன இருக்கு நானா? எல்லாம் வெளிச்சம்தான். விஞ்ஞானம் தெரியாமல் ஆளை ஆள் பயமுறுத்தாதீர்கள். 1064 நானோமீற்றர் என்டி யாக் லேசர் கறுத்த தோலுக்கும் பிடிக்கிறார்கள், அது நிறமியைத் தாண்டி ஆழமாகப் போகும். 2004இல் வந்த ‘ஃபிராக்ஷனல்’ முறையில் தோல் முழுவதையும் சுடுவதே இல்லை, ஊசிமுனை அளவில் புள்ளி புள்ளியாகச் சுட்டு இடையில் நல்ல தோலை விடுவார்கள், அதிலிருந்துதான் சீக்கிரம் ஆறும். நான் கொழும்பில் பயிற்சி எடுத்தவன். மற்றவர்கள் யூடியூப்பில் படித்தவர்கள்.

கல்லடி அக்கா:
பயிற்சி எடுத்தவர் என்றால் இன்னும் மோசம். 1064 பிடித்தவர்களின் கதையைக் காட்டி ஐபிஎல்லை விற்கிறீர். என் தங்கச்சிக்கு 1064 யார் பிடித்தது? அப்புறம் அந்த “ஒருதரம்”! சுட்ட இடத்தில் கொலாஜன், அதுதான் தோலை இறுக்கமாக வைத்திருக்கும் புரதம், புதிதாக ஊற மாதக்கணக்கு எடுக்கும், ஐபிஎல்லை நாலைந்து தரம், மூன்று நாலு கிழமை இடைவெளி விட்டுப் பிடிப்பார்கள். காபனீரொட்சைட்டு லேசர் தோலை உரித்தே எடுக்கும், புண் ஆற ஒரு கிழமை, சிவப்பு அதற்குப் பிறகும் நிற்கும். இதையெல்லாம் விட்டுவிட்டுப் பத்து வயது, பத்து வயது என்று எழுதினால் கேட்கிற சனம் என்ன நினைக்கும்?

கல்முனை ஒளி:
வெயிலைப் பற்றி மட்டும் வாயே திறக்கமாட்டீர்கள்.

காரைதீவுப் பேத்தி:
நான் ஒன்று சொல்லவா? முகம் கிழடுதட்டுவதே பெரும்பாலும் வெயிலால்தான். 2012இல் ஒரு அமெரிக்க மருத்துவ இதழில் வந்த படம் பாருங்கள், 28 வருஷம் லொறி ஓட்டியவர், ஜன்னல் பக்கத்து இடக் கன்னம் மட்டும் தோல் தடித்துச் சுருங்கிக் கிடக்கும். வெயிலில் இருக்கிற யூவிஏ கதிர் கண்ணாடியால் உள்ளே வரும். கொழும்பு பஸ் ஓட்டுகிற எங்கள் மாமாவுக்கும் அப்படித்தான், இடப்பக்கம்.

வாவிக்கரையான்:
பிள்ளை, நம்மட நாட்டில் ஸ்டியரிங் வலப்பக்கம். மாமாவுக்கு எப்படி இடக் கன்னம் சுருங்கும்?

காரைதீவுப் பேத்தி:
நான் பார்த்ததைத்தான் சொன்னேன். என் மாமாவின் கன்னம் எனக்குத் தெரியாதா?

வாவிக்கரையான்:
போன மாதம் தேங்காய் எண்ணெய் விவாதத்திலும் இப்படித்தான் அடித்துவிட்டுப் போனீர்.

காரைதீவுப் பேத்தி:
அந்த விவாதத்தில் தோற்றது நீங்கள். இன்னும் மனதில் வைத்திருக்கிறீர்களா?

கல்முனை ஒளி:
பேத்தியே சொல்லிவிட்டா, எல்லாம் வெயில்தான்! நன்றி தங்கச்சி.

கல்லடி அக்கா:
பேத்தி சொன்னது 28 வருஷ வெயில். நான் சொல்வது ஒரு பின்னேரம். இரண்டையும் போட்டுக் குழப்பாதீர். தோல் டொக்டரிடம் கொண்டுபோனோம். மனுஷி கோட்டைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “யார் ஐபிஎல் பிடித்தது?” வெயிலைப் பற்றிக் கேட்கவே இல்லை. பிறகு இன்னொன்றும் சொன்னா, அவளுக்குக் கன்னத்தில் ஏற்கனவே கரும்படை இருந்ததாம், அதற்கு வெளிச்சமும் சூடும் பட்டால் கூடத்தான் செய்யுமாம். எட்டு மாதம் கிறீம் பூசி மூன்று கோடு மங்கியது. நாலாவது இன்னும் இருக்கிறது, பக்கவாட்டு வெளிச்சத்தில் நல்லாத் தெரியும். கல்யாண வீட்டுக்குப் போனால் போட்டோ எடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நான் ஏன் விடாமல் எழுதுகிறேன் என்று இப்போதாவது விளங்குகிறதா?

கல்முனை ஒளி:
கவலைதான் அக்கா, நான் மறுக்கவில்லை. ஆனால் தீர்த்தத்துக்குப் போகாமல் இருந்திருந்தால் நாலாவது கோடும் மங்கியிருக்கும். மட்டக்களப்புக்காரர் செய்த பிழைக்குக் கல்முனைக்காரன் பதில் சொல்ல ஏலாது.

வாவிக்கரையான்:
இதற்குள் ஊரை ஏன் இழுக்கிறீர்? உம்முடைய மெஷின் எந்தக் கம்பனி, யார் டொக்டர், அதை முதலில் எழுதும்.

கல்முனை ஒளி:
உமக்கு ஏன் எழுதவேண்டும்? நீர் என் வாடிக்கையாளரா?

அக்கரைப்பற்று நானா:
நேற்று விலை கேட்டவர்களுக்கும் எழுதவில்லையே தம்பி.

களுதாவளையாள்:
எல்லாரும் சண்டை பிடிக்கிறீர்கள், எனக்கு ஒன்று சொல்லுங்கள். வெயிலுக்குப் பூசுகிற எஸ்பிஎஃப் 30 கிறீம் பூசினால் முகம் சாம்பல் பூசினமாதிரி வெளிறிப் போகிறது, நம்மட நிறத்துக்கு எது பொருந்தும்?

கல்முனை ஒளி:
இன்பொக்ஸ் வாங்க தங்கச்சி.

கல்லடி அக்கா:
போகாதே பிள்ளை! இங்கேயே எல்லாரும் பார்க்கச் சொல்லட்டும். தம்பி, நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. கோடு முதல் நாள் விழுந்தது. தீர்த்தம் நாலாம் நாள்.

கல்முனை ஒளி:
வெயில் அக்கா, வெயில்.