மறு: லேசர் டையோடுக்கான மின்வழங்கி, எந்தச் சொல்?

நண்பர்களுக்கு வணக்கம்.

லேசர் ஒளி தரும் சிறு மின்னணு உறுப்பான லேசர் டையோடுக்கு, மின்னோட்டத்தை ஒரே அளவில் பிடித்துவைத்துத் தரும் மின்வழங்கி (constant current supply) வேண்டும். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு இதுவரை 'நிலைமின் வழங்கி', 'மாறாமின்னோட்ட வழங்கி' என்று இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. இரண்டிலும் எனக்குத் தயக்கம் உண்டு.

'நிலைமின்' என்றால் சீப்பைத் தலையில் தேய்த்ததும் காகிதத்துண்டை இழுக்கிறதே, அதுதான் நினைவுக்கு வரும். நிலைமின்னியல் என்று பாடநூல்களில் ஊன்றிவிட்ட சொல் அது. விரல்நுனியிலிருந்து இறங்கும் அந்த நிலைமின்னே லேசர் டையோடைக் கெடுத்துவிடும். அதே பெயரை வழங்கிக்கும் வைக்க வேண்டாம்.

இரண்டாவது நல்ல சொல். ஆனால் 'மாறுதிசை மின்னோட்டம்' படித்த மாணவர், 'மாறா மின்னோட்டம்' என்றால் திசை மாறாதது, அதாவது நேர்மின்னோட்டம் என்று எடுத்துக்கொள்வார். பேட்டரியும் நேர்மின்னோட்டம்தானே என்று ஓட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் சுற்று எதுவும் இல்லாத வெற்று டையோடை நேராக அதில் இணைப்பார். டையோடு போய்விடும்.

5 மில்லிவாட் சிவப்பு டையோடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 2.2 வோல்ட்டில் 30 மில்லிஆம்பியர் போல எடுக்கும். மின்னழுத்தத்தைக் (வோல்டேஜை) கொஞ்சம் கூட்டினாலே ஓட்டம் மடங்கு மடங்காக ஏறும். சூடானால் அதே அழுத்தத்தில் இன்னும் கூடுதலாகப் பாயும், அது மேலும் சூடாக்கும். அதனால்தான் பிடித்துவைக்க வேண்டியது ஓட்டத்தை.

ஓட்டத்துக்கு வரம்பு வைப்பது வேறு, அதை மாறாமல் தருவது வேறு. நான் ஒருமுறை மேசை மின்வழங்கியில் 40 மில்லிஆம்பியர் வரம்பு வைத்து, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே டையோடை இணைத்தேன். வரம்பு செயல்படுமுன் வழங்கியின் வெளிவாயிலில் இருந்த மின்தேக்கி தன்னிடம் சேர்ந்திருந்த மின்னையெல்லாம் டையோடில் கொட்டிவிட்டது. அதன்பிறகும் ஒளி வந்தது, ஆனால் லேசராக அல்ல, எல்இடி போல மங்கலாக. டையோடை முதலில் இணைத்துவிட்டு ஓட்டத்தைச் சுழியிலிருந்து ஏற்றியிருக்க வேண்டும். ஆகவே 'வரம்பு' வரும் சொல் எதுவும் இதற்கு வேண்டாம்.

சரி, என் பரிந்துரை: 'ஓட்டம் மாறா வழங்கி'. அதற்கு இணையாக, மின்னழுத்தத்தை ஒரே அளவில் தருவதற்கு 'அழுத்தம் மாறா வழங்கி'. எது மாறக்கூடாது என்பது முதலிலேயே வந்துவிடுவதால் திசைக் குழப்பம் இல்லை. சொல்லிப் பாருங்கள்: 3 முதல் 5 வோல்ட் என்று போட்ட லேசர் மாட்யூலுக்குள் ஓட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் சுற்று வழக்கமாக இருக்கும், அதற்கு அழுத்தம் மாறா வழங்கி போதும்; வெற்று டையோடுக்கு ஓட்டம் மாறா வழங்கி வேண்டும். வாங்கப்போகிறவருக்கு இந்த ஒரு வேறுபாடு தெரிந்தாலே பெரும்பாலான டையோடுகள் பிழைத்துவிடும்.

இந்தப் பெயர் உறுப்புக்கு அன்று, அது செய்யும் வேலைக்கு. எல்எம்317 சில்லு வழக்கமாக அழுத்தத்தைத்தான் சீராக்கும். 39 ஓம் மின்தடை ஒன்றை உரிய இடத்தில் போட்டால் அதுவே 32 மில்லிஆம்பியர் தரும் ஓட்டம் மாறா வழங்கி. (5 வோல்ட் உள்ளீடு அதற்குப் பத்தாது. 9 வோல்ட் கொடுங்கள்.)

இந்தச் சொல்லமைப்பு இன்னும் நீளும் என்பதுதான் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. சில டையோடுகளின் உறைக்குள்ளேயே ஓர் ஒளியுணரி இருக்கும். அதைப் பார்த்து ஓட்டத்தைக் கூட்டிக் குறைத்து ஒளியை ஒரே அளவில் வைக்கும் சுற்றுகள் உண்டு. அதை 'ஒளி மாறா வழங்கி' எனலாம்.

இலங்கைப் பாடநூல்களில் மின்னோட்டத்தை 'ஓட்டம்' என்றும் எழுதுவதால் அங்கும் இது ஒட்டும் என்று நினைக்கிறேன். ஆனால் அழுத்தத்துக்கு அங்கே 'வோல்ட்டளவு'. அப்படியானால் இணைச்சொல்லை 'வோல்ட்டளவு மாறா வழங்கி' என்று வைப்பதா? இலங்கை நண்பர்கள் சொல்லுங்கள்.