வெள்ள ஆழ வரைபடம்: குமரி மாவட்டத்தில் எங்கே பிசகுகிறது?

குழித்துறை ஆற்றுக்கோ பழையாற்றுக்கோ கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் வெள்ள ஆழம் போடுகிறவர்கள் முதலில், உருண்டைப் பூமியைத் தட்டை வரைபடமாக்கும் புரொஜெக்‌ஷனைப் பாருங்கள். சென்னையிலிருந்து வரும் லேயர்கள் யூடிஎம் என்ற கட்ட முறையின் 44ஆம் மண்டலத்தில் இருக்கும். நம் மாவட்டம் முழுவதும் 78 டிகிரி தீர்க்கரேகைக்கு மேற்கே கிடப்பதால் 43 வடக்குதான் சரி, மென்பொருளில் அதன் குறியீடு இபிஎஸ்ஜி 32643.

அடுத்தது உயரத்தின் அடிமட்டம். கார்ட்டோசாட் செயற்கைக்கோளின் உயரத் தரவைத் திறந்தால் மணக்குடி கடற்கரை மைனஸ் 90 மீட்டருக்கும் கீழே காட்டும். ஃபைல் கெட்டுப்போகவில்லை. அது எலிப்சாய்டு உயரம், அதாவது கடல்மட்டத்திலிருந்து அல்ல, கணக்குக்காக வகுத்த வழுவழுப்பான பூமி வடிவத்திலிருந்து அளந்தது. இந்தியப் பெருங்கடலின் ஜியாய்டு (சராசரிக் கடல்மட்டப் பரப்பு) பள்ளம் நமக்குப் பக்கத்தில் இருப்பதால் வித்தியாசம் இவ்வளவு பெரிது. எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு இஜிஎம்96 என்ற ஜியாய்டு மாதிரியிலும், கோப்பர்னிக்கஸ் 30 மீட்டர் தரவு இஜிஎம்2008இலும் வரும். மாற்றாமல் கலக்கவே கூடாது.

ஆழம் என்பது நீர்மட்டத்திலிருந்து தரை உயரத்தைக் கழித்தது, அவ்வளவுதான். ஆனால் குழித்துறை முதல் தேங்காப்பட்டணம் வரை நீர்மட்டத்துக்கு ஒரே எண் கொடுத்தால் மேலே ஆறு வற்றும், கீழே ஊர் மூழ்கும். சுவர்களில் படிந்த சேற்றுக்கோடுகளை ஆற்றோடு போய்ப் பல இடங்களில் எடுத்து, புள்ளிகளை முக்கோணங்களாக இணைக்கும் டின் இன்டர்போலேஷனில் சரிவான நீர்ப்பரப்பு செய்யுங்கள். பிறகு ராஸ்டர் (பிக்சல் கட்டங்களால் ஆன படம்) கால்குலேட்டரில்: (நீர் - தரை) * (நீர் > தரை). இரண்டு ராஸ்டருக்கும் பிக்சல் அளவும் எல்லையும் ஒன்றாக இருக்கட்டும். தரவில்லாத பிக்சலைக் குறிக்கும் -9999, நோடேட்டா என்று அறிவிக்கப்படாமல் இருந்தால் பத்தாயிரம் மீட்டர் ஆழம் வரும்.

*

மேலே முதல் பகுதி எழுதிய அண்ணா சொன்ன சேற்றுக்கோட்டில் ஒரு பொறி இருக்கிறது. இங்கே வீடு இருப்பது விளையில் (மேட்டுத் தோட்டத்தில்), சுற்றி தென்னை. எஸ்ஆர்டிஎம், கோப்பர்னிக்கஸ் இரண்டுமே வெறும் தரையைத் தருவதில்லை. மரத்தலையும் கூரையும் அதில் கலந்திருக்கும். வீட்டுப் பிக்சல் தரையைவிட 5 மீட்டர் உயர்ந்திருக்கிறது என்று வையுங்கள். அதோடு சுவரில் டேப் வைத்து அளந்த 1.4 மீட்டரைக் கூட்டினால் நீர்மட்டமும் 5 மீட்டர் ஏறிவிடும். பக்கத்து ஏலாவில் (வயல்வெளியில்) இடுப்பளவு நின்ற தண்ணீர் தென்னை உயரத்துக்குப் போகும்.

தரை உயரத்தை ஏலாவின் நடுவில், மரமில்லாத பிக்சலில் எடுங்கள். அங்கிருந்து சேற்றுக்கோடு எத்தனை மீட்டர் மேலே என்று ஆட்டோ லெவல் என்ற மட்டம் பார்க்கும் கருவி வைத்துப் பாருங்கள். கையடக்க ஜிபிஎஸ் உயரம் இதற்கு உதவவே உதவாது, பல மீட்டர் தவறும். மரமும் கட்டடமும் நீக்கிய ஃபேப்டெம் என்ற உயரத் தரவு கிடைத்தால் அதையே வையுங்கள், ஆனாலும் திறந்த வயலில் சரிபார்க்காமல் நம்ப வேண்டாம்.

*

சென்டினல்-1 ரேடார் படத்தில் வெள்ள எல்லை வரைகிறவர்களுக்கு: அதன் சி பேண்ட் அலை தென்னை, வாழைக்கு அடியில் நிற்கும் தண்ணீரைப் பிடிக்காது. எல்லைக்கோடு தோப்பு விளிம்பிலேயே நின்றுவிடும். அந்த விளிம்பின் உயரத்தை நீர்மட்டமாக எடுத்தால் மரத்தலை உயரம்தான் வரும். தோப்பைத் தொடும் எல்லைப் புள்ளிகளை நீக்கிவிட்டு, வயலைத் தொடுகிறவற்றை மட்டும் வையுங்கள்.

கடைசியாக, ஆற்றோடு தொடர்பில்லாத நீலத் திட்டுகளை உடனே அழிக்காதீர்கள். ஏலாவைக் குறுக்கே வெட்டும் சாலைக்கு அடியில் சிறு பாலம் இருந்தால் தண்ணீர் அந்தப் பக்கமும் போயிருக்கும். 30 மீட்டர் தரவில் அந்தப் பாலம் தெரியாது. நேரில் போய்ப் பார்த்து, பாலம் இருக்கும் இடத்தில் உயரத் தரவில் மேட்டை வெட்டிவிட்டுக் கணக்கை மறுபடி ஓட்டுங்கள்.