ஆசிரியர் கூட்டத்துக்கு முன் பத்து நிமிட விளையாட்டு: எது சரிவரும்?

நலக்கழகம்_பினாங்கு:
வணக்கம். பினாங்குத் தீவில் ஒரு தமிழ்ப்பள்ளி. ஆசிரியர்கள் 26 பேர், அவர்களில் நால்வர் மலாய்க்காரர். இந்த ஆண்டு ஆசிரியர் நலக் கழகப் பொறுப்பு என்னிடம். மே 16 ஆசிரியர் தினத்தன்று கேக் வெட்டுவதோடு நின்றுவிடாமல், மாதம் ஒருமுறையாவது எல்லாரும் சேர்ந்து சிரிக்க ஏதாவது செய்ய வேண்டும். மாதக் கூட்டத்துக்கு முன் 10 நிமிடம் தருவதாகத் தலைமையாசிரியர் சொல்லியிருக்கிறார். கையிருப்பு 100 வெள்ளி (ரிங்கிட்). பள்ளி முடிந்த பிறகு வைக்க வழியில்லை. பாதிப் பேர் பாலம் தாண்டி பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் பக்கம் போகிறவர்கள். சேலை கட்டியவரும் பணி ஓய்வை நெருங்கியவரும் கூச்சமில்லாமல் ஆடக்கூடியதாகச் சொல்லுங்கள்.

செந்தூல்_சார்:
முதல் மாதத்துக்குக் காகிதக் கப் கோபுரம் வையுங்கள் டீச்சர். நால்வர் கொண்ட குழு. ஒரு ரப்பர் வளையத்தில் நான்கு நூல்களைக் கட்டி, ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, கப்பைக் கையால் தொடாமல் 3-2-1 என்று ஆறு கப்புகளைக் கவிழ்த்து அடுக்க வேண்டும். உங்கள் 26 பேரில் ஆறு குழு போக மீதி இருவர்: ஒருவர் நேரம் பார்ப்பார், ஒருவர் நடுவர். முட்டி வலி உள்ளவர்களிடம் அந்த இரண்டு வேலையையும் முதலில் கேளுங்கள்.

வேண்டியவை: கப் 36, உடைந்தால் மாற்ற இன்னும் 6. ரப்பர் வளையம் 6. ஒவ்வொன்றும் 60 செ.மீ. என 24 நூல், கிட்டத்தட்ட 14.5 மீட்டர். மலிவு விலைக் கடையில் எல்லாம் சேர்த்து வாங்கினாலும் உங்கள் 100 வெள்ளியில் பெரும்பகுதி மிஞ்சும்.

வளையம் மெல்லியதாக இருக்கட்டும். தடித்த வளையத்தை விரிக்க எல்லாரும் பலமாக இழுக்க வேண்டிவரும், நூல் விரலை அறுக்கும். இழுத்தால் வளையம் விரியும், தளர்த்தினால் கப்பைக் கவ்வும். புதிதாக ஆடுபவர்கள் தூக்கும் நேரத்தில்தான் இன்னும் இழுப்பார்கள், கப் விழுந்துவிடும். இதை ஒருமுறை செய்து காட்டிவிடுங்கள், ஐந்து நிமிடத்தில் ஆட்டம் முடியும். கப்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், முன்கூட்டியே பிரித்து வைக்கவும். முக்கியமாக, மின்விசிறியை நிறுத்துங்கள். எத்தனை கோபுரம் சரிந்தாலும் முதல் காரணம் காற்றுதான்.

கணக்கு_வாத்தியார்:
"மறைமுக நண்பர்" விளையாட்டும் (சீட்டில் வந்தவருக்கு, யார் என்று காட்டிக்கொள்ளாமல் சின்ன அன்பளிப்பு கொடுப்பது) நல்லது, ஆனால் சீட்டைக் குலுக்கி எடுக்கும் வழக்கமான முறையில் ஒரு சிக்கல். ஒவ்வொருவரும் ஒரு பெயர் எடுக்கும்போது, யாராவது ஒருவருக்காவது தன் பெயரே வந்துவிடும் வாய்ப்பு ஏறத்தாழ 63 விழுக்காடு. மீண்டும் மீண்டும் குலுக்கியே 10 நிமிடமும் போய்விடும்.

இதற்குப் பதில், 26 அட்டைகளில் 1 முதல் 26 வரை எண் எழுதுங்கள். ஒரே எண் மேலேயும் வேண்டும், கீழேயும் வேண்டும். கலைத்து, எழுத்துப் பக்கம் மேசையைப் பார்க்கும்படி வரிசையாகக் கவிழ்த்து வையுங்கள். எல்லாவற்றையும் நடுவில் வெட்டுங்கள். இப்போது மேல் துண்டுகள் ஒரு வரிசை, கீழ்த் துண்டுகள் ஒரு வரிசை. கீழ் வரிசையின் முதல் துண்டை எடுத்துக் கடைசிக்குக் கொண்டுபோய், மற்றவற்றை ஓரிடம் நகர்த்துங்கள். திருப்பிப் பார்க்காமல் முதுகுப் பக்கத்தில் ஒட்டுநாடா போட்டு, மீண்டும் கலைத்து ஆளுக்கு ஒன்று கொடுங்கள். மேல் எண் உங்கள் எண், சுவரில் உள்ள பட்டியலில் அதற்கு நேரே உங்கள் பெயரை எழுத வேண்டும். கீழ் எண் நீங்கள் கவனித்துக்கொள்ள வேண்டியவர். யாருக்கும் தன் எண் வராது, இருவர் மட்டும் ஒருவருக்கொருவர் மாட்டிக்கொள்ளவும் மாட்டார்கள், ஏற்பாடு செய்த உங்களுக்கும் யாருக்கு யார் என்று தெரியாது.

இரண்டு வாரம் போதும், செலவு ஆளுக்கு 5 வெள்ளிக்குள். கையால் எழுதிய நாலு வரிக் குறிப்பு ஒன்று கட்டாயம் என்று வையுங்கள். தின்பண்டத்தைவிட அதைத்தான் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்வார்கள். உணவு கொடுத்தால் ஹலால் முத்திரை உள்ள பொட்டலமாக இருக்கட்டும். புரட்டாசியில் சைவம் இருப்பவர்களையும் நினைவில் வையுங்கள். இடையில் யாராவது நீண்ட மருத்துவ விடுப்பில் போனால் சங்கிலி அறுந்து ஒருவர் வெறுங்கையோடு நிற்பார். அந்த அட்டையை நலக் கழகம் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

மாலை_ஆறு:
தன்னலம் பேணுவதற்கு பிங்கோ அட்டை: கட்டத்தில் எழுதியிருப்பதைச் செய்ததும் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். 4×4 கட்டம் எடுங்கள், 25 கட்டம் நிரப்புவது ஒரு வாரத்துக்கு அதிகம். திங்கள் முதல் வெள்ளி வரை. ஏ4 தாளில் இரண்டு அட்டை, ஆக 13 தாள். எல்லா அட்டையிலும் அதே 16 வாக்கியங்கள், ஆனால் இடம் மாறியிருக்க வேண்டும்; இல்லாவிட்டால் எல்லாரும் ஒரே நாளில் முடித்துவிடுவார்கள்.

வாக்கியங்கள் சின்னதாக: ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். மதியத்துக்குள் ஒரு போத்தல் தண்ணீர் குடித்தேன். மாலை 6க்குப் பிறகு பள்ளி வாட்ஸ்அப் குழுவைத் திறக்கவில்லை. பயிற்சிப் புத்தகம் எதையும் வீட்டுக்குத் தூக்கிப் போகவில்லை. ஒரு பாடவேளை முழுதும் குரலை உயர்த்தவில்லை. ஒவ்வொன்றின் கீழும் மலாயில் ஒரு வரி சேருங்கள், அந்த நால்வரும் முதல் நாளே சேர்ந்துகொள்வார்கள். உடல் எடை, உணவுக் கட்டுப்பாடு பற்றி ஒரு கட்டம்கூட வேண்டாம். யாருக்கு எது வலிக்கும் என்று தெரியாது.

ஆதாரப் படம் கேட்காதீர்கள், அறிக்கையும் வேண்டாம். ஏற்கெனவே ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு பக்க அறிக்கை எழுதிக் களைத்தவர்கள் இவர்கள். ஓய்வெடுத்ததையும் நிரூபிக்கச் சொன்னால் அது இன்னொரு வேலையாகிவிடும். சொன்னால் நம்புவோம், அவ்வளவுதான்.

கெப்போங்_ஆசிரியை:
இசை நாற்காலியையும் காலால் பலூன் உடைப்பதையும் விட்டுவிடுங்கள். வழவழப்பான தரை, நகரும் பிளாஸ்டிக் நாற்காலி, சேலைக் கொசுவம். மூன்றும் சேர்ந்தால் ஆள் விழுவது நிச்சயம். "கோத்தாக் பெராச்சூன்" (நச்சுப் பெட்டி) பெட்டியைக் கைமாற்றி, இசை நிற்கும்போது கையில் வைத்திருப்பவர் அதிலிருந்து ஒரு சீட்டு எடுத்துச் செய்வது நல்ல ஆட்டம், அதில் ஆடு, பாடு என்ற தண்டனைகளை மட்டும் எடுத்துவிட்டு, "வலப்பக்கம் இருப்பவரிடம் பிடித்த ஒன்றைச் சொல்" என்பது போன்ற சீட்டுகளைப் போடுங்கள்.

நலக்கழகம்_பினாங்கு:
மிக்க நன்றி. இரண்டு கேள்வி: பரிசாக என்ன கொடுக்கலாம்? நோன்பு மாதத்தில் என்ன செய்வது?

செந்தூல்_சார்:
பரிசு நேரமாக இருக்கட்டும். "சிற்றுண்டிச்சாலைக் கண்காணிப்பு ஒரு நாள் விலக்கு", "ஒரு ரிலீஃப் பாடவேளை (வராத ஆசிரியருக்குப் பதிலாகப் போகும் வகுப்பு) விலக்கு" என்று சீட்டு அடித்துத் தலைமையாசிரியரிடம் கையொப்பம் வாங்குங்கள். அந்தப் பணியைத் தலைமையாசிரியரோ துணைத் தலைமையாசிரியரோதான் செய்ய வேண்டும் என்றும் அதிலேயே எழுதுங்கள். இன்னொரு ஆசிரியர் தலையில் விழுந்தால் வென்றவருக்குச் சங்கடம், மற்றவருக்கு மனக்குறை. ஒரு மாதம் செல்லும், தேர்வு வாரத்தில் செல்லாது. முதல் நாளே துணைத் தலைமையாசிரியரிடம் சொல்லிவிட வேண்டும்.

கெப்போங்_ஆசிரியை:
நோன்பு மாதத்துக்கு உணவே இல்லாத ஆட்டம்: ஆசிரியர் அறை மூலையில் ஒரு சோங்காக் (பல்லாங்குழி போன்ற மலாய் ஆட்டம்) பலகை. பக்கத்துக்கு 7 குழி, குழிக்கு 7 விதை, மொத்தம் 98. உட்கார்ந்து ஆடி முடிக்கத் தேவையில்லை, கடந்து போகும்போது ஒரு முறை ஆடிவிட்டு, அடுத்து யார் என்று காட்ட ஒரு வண்ணக் கிளிப்பைப் பலகையில் மாற்றி மாட்டினால் போதும். ஓர் ஆட்டம் இரண்டு நாள்கூட ஓடும். நம் பல்லாங்குழி தெரிந்தவர்கள் வேறு விதியில் ஆடத் தொடங்கி வாக்குவாதம் வரும். கடைசி விதை தன் களஞ்சியத்தில் (பலகை முனையில் உள்ள பெரிய குழி) விழுந்தால் மறு ஆட்டம், விதையுள்ள குழியில் விழுந்தால் அள்ளித் தொடர்வது, தன் பக்கத்து வெற்றுக் குழியில் விழுந்தால் எதிர்க்குழியைப் பிடிப்பது. இந்த மூன்றையும் எழுதிப் பலகைக்கு மேலே ஒட்டிவிடுங்கள். விதைக்குப் புளியங்கொட்டை நல்லது. குண்டுமணி மட்டும் வேண்டவே வேண்டாம். அது நஞ்சு, புத்தகம் கொண்டுவரும் பிள்ளைகள் கைக்கு எட்டும். இருபது கொட்டை கூடுதலாக ஒரு டப்பாவில் வையுங்கள், பெருக்கும்போது எப்படியும் சில காணாமல் போகும்.