மறுமொழி: தூக்கக் கலக்கமா, மாத்திரைச்சொக்கா?

> ‘சொம்னோலன்ஸ்’ என்பதற்குத் ‘தூக்கக் கலக்கம்’ போதுமே. புதுச்சொல் எதற்கு?

குழும நண்பர்களுக்கு யாங்கோனிலிருந்து வணக்கம். வலிப்பு நோய் பற்றிய எங்கள் துண்டறிக்கைக்காக, மாத்திரையால் பகலிலும் வரும் தூக்க மயக்கத்துக்கு, அதாவது மருத்துவர்கள் சொல்லும் ‘சொம்னோலன்ஸ்’ என்பதற்கு, ஒரு தமிழ்ச்சொல் தேடுகிறோம்.

போதாது ஐயா. தூக்கக் கலக்கம் முகம் கழுவினால் போய்விடும். என் தம்பி பல ஆண்டுகளாகப் பீனோபார்பிட்டால் சாப்பிடுகிறான். காலை பத்து மணிக்குத் தேநீர்க்கடையில் ஈஜாக்குவே என்னும் பொரித்த மாவுப் பலகாரத்தைத் தேநீரில் தோய்த்தபடியே கண் செருகிவிடும். பலகாரம் ஊறி அறுந்து கோப்பைக்குள் விழும்போதுதான் விழிப்பான். 1912 முதல் வலிப்புக்குக் கொடுக்கப்படும் இந்த மாத்திரை, இரத்தத்தில் பாதியாகக் குறையவே மூன்று நான்கு நாள் ஆகும். இரவில் விழுங்கியது பகலிலும் உடம்பில் நிற்கிறது. போதாக்குறைக்கு, கனவு காணும் உறக்கத்தையும் குறைத்துவிடுகிறது.

வலிப்பு ஓய்ந்ததும் அடித்துப்போட்டாற்போல் வரும் உறக்கம் வேறு. இரவு வலிப்பு தூக்கத்தைக் கலைத்ததால் மறுநாள் வரும் அசதி வேறு. இதையெல்லாம் ஒரே சொல்லில் அடைத்தால், மருந்தின் அளவை மாற்றுவதா வேண்டாமா என்று மருத்துவர் எப்படி முடிவெடுப்பார்? தூக்கம் தாங்காமல் நோயாளியே மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், வலிப்பு அடுக்கடுக்காக வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

குழுமத்து அம்மையார் ஒருவர் முன்மொழிந்த ‘அனந்தல்’ (உறக்கம், தூக்க மயக்கம்) அழகான சொல். திருப்பாவையில் கும்பகர்ணனுக்குப் பக்கத்திலேயே ‘ஆற்ற அனந்தலுடையாய்’ என்று வருகிறது. ஆனால் எங்கள் துண்டறிக்கையைப் படிக்கப்போகிறவர்கள் தமிழைவிடப் பர்மிய எழுத்தில் பழகியவர்கள். அடிக்குறிப்போடு வரும் சொல் அவர்களிடம் செல்லாது.

எங்கள் அம்மா ‘மருந்து சொக்குகிறது’ என்பார். அதிலிருந்து ‘மருந்துச்சொக்கு’ என்று எழுதி வைத்தேன். மறுநாள் படித்தபோது எனக்கே திக்கென்றது. ‘மருந்து வைத்துவிட்டார்கள்’ என்கிற ஊரில், சொக்குப்பொடியை நினைவூட்டும் சொல்லையும் கூடச் சேர்ப்பதா! கால்கை வலிப்பை நாம் காக்காய் வலிப்பு ஆக்கினோம். பர்மிய மொழியில் அதன் பெயருக்குப் பன்றிக்கிறுக்கு என்று பொருள். காக்கையும் பன்றியும் போதும், மந்திரவாதி வேண்டாம்.

ஆகவே ‘மாத்திரைச்சொக்கு’. மாத்திரையில் யாரும் சூனியம் வைப்பதில்லை. பாகாகக் குடிக்கும் குழந்தைகளுக்குப் பொருந்தாதே என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன், ஆனாலும் இதையே விரும்புகிறேன்.

இன்னொன்று: லாமோட்ரிஜின் என்ற வேறொரு வலிப்பு மாத்திரை சிலருக்கு நேர்மாறாகத் தூக்கத்தைப் பறிக்கிறது. அதற்கு ‘மாத்திரைவிழிப்பு’ என்று வைக்கலாமா? அச்சுக்குக் கொடுப்பதற்குள் எழுதுங்கள்.