மடிக்கணினி திருடுபோனது, கடவுச்சொல் போதுமா?

கேள்வி:
கணக்கு எழுதும் மடிக்கணினியைக் காரின் பின் இருக்கையில் வைத்துவிட்டுப் பத்து நிமிடம்தான் போய்வந்தேன். கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது, பையைக் காணோம். எழுபது வாடிக்கையாளர்களின் வங்கி விவரம் அதில் இருக்கிறது. விண்டோஸ் கடவுச்சொல் போட்டிருக்கிறேன். போதுமா?

பதில்:
போதாது. டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் அந்தக் கடவுச்சொல்லை யாரும் கேட்க மாட்டார்கள். டிஸ்க் முழுவதும் சாவியில்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கம் ஆகியிருந்தால்தான் தப்பலாம். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தக் கணினிக்கு 48 இலக்க மீட்புச் சாவி இருக்கிறதா, பாருங்கள். இருந்தால் டிஸ்க் பெரும்பாலும் அப்படிப் பூட்டியிருக்கும்.

கேட்டவர்:
பார்த்துவிட்டேன். எதுவும் இல்லை.

இன்னொரு பதில்:
எனக்கும் இப்படி நடந்தது. முதலில் மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறுங்கள். பிரவுசரில் சேமித்தவை அத்தனையும் போனதாகவே வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் வாடிக்கையாளர்களை இன்றே அழைத்துச் சொல்லுங்கள். நான் இரண்டு நாள் தயங்கினேன். திருட்டை மன்னித்தவர்கள் அந்த இரண்டு நாளை மன்னிக்கவில்லை.

முதலில் பதில் சொன்னவர்:
புதுக் கணினியில் விண்டோஸின் டிஸ்க் குறியாக்க வசதியான பிட்லாக்கரைப் போட்டு, தொடங்கும்போதே பின் எண் கேட்கும்படி வையுங்கள். வெளியே எடுத்துப்போகும்போது மூடியை மட்டும் சாத்தாமல் ஷட்டவுன் செய்யுங்கள். மூடியை மட்டும் சாத்தினால் வரும் தூக்க நிலையில் டிஸ்க்கைத் திறக்கும் சாவி நினைவகத்திலேயே இருக்கும்.