சீறும் தெருப்பூனைகள்: சோறு வைப்பவர்களின் அனுபவங்கள்

திருவான்மியூரிலிருந்து:

எங்கள் குடியிருப்பில் முதலில் மாடிப்படிக்கு அடியில்தான் பூனைகளுக்குச் சாப்பாடு வைத்துக்கொண்டிருந்தோம். மழை படாது, நாய் வராது என்று யாரோ எப்போதோ தேர்ந்த இடம். அங்கே வரும் சாம்பல் நிறக் கடுவன், படியிறங்குபவர்களின் காலில் பாயும். காவலாளி அண்ணனின் கெண்டைக்காலைப் பிராண்டிவிட்டது. "பிடித்து எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடுங்கள்" என்று சங்கக் கூட்டத்தில் பேச்சு எழுந்தது.

எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்து சில நாள் அதைக் கவனித்தேன். அந்த மூலைக்கு ஒரே வழிதான். ஆள் வரும் பக்கமாகத்தான் பூனையும் தப்பி ஓட முடியும். காலடிச் சத்தம் கேட்டதும் காதுகள் தலையோடு ஒட்டிப் படியும், கண்ணின் கருமணி விரியும், உடம்பைச் சுருக்கிப் பின்வாங்கும், பிறகு சீறும். இத்தனைக்குப் பிறகும் ஆள் நிற்காமல் நெருங்கினால்தான் பாய்ந்தது. எல்லோரும் வெறிபிடித்த பூனை என்றார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் பயம்.

தட்டைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்கு அருகே திறந்த இடத்துக்குக் கொண்டுபோனோம். 2023ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளும் சமூக விலங்குகளுக்கு, அதாவது உரிமையாளர் இல்லாத தெரு விலங்குகளுக்கு, உணவு வைக்கும் இடம் மாடிப்படி, நுழைவாயில், பிள்ளைகள் விளையாடும் இடம் ஆகியவற்றிலிருந்து தள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. அந்த ஏற்பாடு குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பு என்றும் அதில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துச் செயலாளரிடம் கொடுத்தேன். கொண்டுபோய் விடும் பேச்சு அடங்கியது. இடம் மாறியதும் ஆட்கள் மேல் பாய்வதும் நின்றது.

மற்ற பூனைகளோடு போட்ட சண்டை மட்டும் தொடர்ந்தது. தனித்தனித் தட்டில், ஒன்றை ஒன்று பார்க்காதபடி தூண் மறைவில் வைத்ததும் ஓரளவு குறைந்தது. மீதியைக் குறைத்தது கருத்தடைதான். அறுவை முடிந்த மறுநாளே கடுவன் சாதுவாகிவிடாது, உடம்பில் மிச்சமிருக்கும் ஹார்மோன் வடியச் சில வாரம் ஆகும். கடுவன்கள் ஒன்றையொன்று கடிப்பதால்தான் எஃப்ஐவி என்ற வைரஸ் பூனைகளுக்குள் பெரும்பாலும் பரவுகிறது. மனிதருக்கு வராது என்றாலும் பூனைகளின் எதிர்ப்புச் சக்தியை அழிக்கக்கூடியது. அதனால் அறுவையைத் தள்ளிப்போட எனக்கு மனமில்லை.

தூத்துக்குடியிலிருந்து:

அக்கா, பூனைச் சண்டைக்கு நடுவில் கை நீட்டவே கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் எதிர்வீட்டு ஆச்சி தினமும் சாளை மீன் தலை போடுவார். அவர் கையை நக்கும் அளவுக்குப் பழகிய பூனை ஒன்று உண்டு. ஒருநாள் வேற்றுத் தெருக் கடுவன் மதிலில் வந்து நிற்க, இது முதுகு மயிர் சிலிர்த்து உறுமிக்கொண்டிருந்தது. "ஏல, வா" என்று ஆச்சி தூக்கப் போனார். கட்டைவிரல் அடியில் பல் இறங்கிவிட்டது. கோபம் மதில் மேல் நின்றதன் மீது, அகப்பட்டது ஆச்சியின் கை. இப்படித் திசைமாறிய வெறி உடனே தணியாது, சில மணி நேரம்கூட நீடிக்கும். அந்த நேரத்தில் சமாதானம் செய்யப் போகாமல் தனியாக விட்டுவிட வேண்டும்.

ஆச்சி மஞ்சளும் சுண்ணாம்பும் எடுக்கப் போனார். நான் விடவில்லை. குழாயடியில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவ வைத்தேன். பூனைக்கடி வெளியே சின்னப் புள்ளியாகத்தான் தெரியும். பல் மெல்லியது, ஆழமாக இறங்கும். பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா உள்ளே போய்விடும், மேலே தோல் மூடிக்கொள்ளும். அன்று இரவே ஆச்சிக்குக் கை வீங்கிவிட்டது. விரல் மூட்டுப் பக்கம் கடித்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது என்று சொல்லி மருத்துவர் ஆன்டிபயாடிக் கொடுத்தார், டெட்டனஸ் ஊசியும் போட்டார்.

"பூனைதானே, நாயா கடித்தது?" என்று தெருவே கேட்டது. பூனைக்கும் ரேபிஸ் வரும். ரத்தம் வந்தால், அது கீறலானாலும் கடியானாலும், மிகத் தீவிரமான மூன்றாம் வகைக் காயம். தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி, வைரஸை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் போட வேண்டும். தோலுக்குள் போடும் முறையில் முதல் ஊசியன்று தொடங்கி, பிறகு 3, 7, 28ஆம் நாட்களில் போடுவார்கள். அரசு மருத்துவமனையில் தடுப்பூசி இலவசம். வீக்கம் வடிந்ததும் ஆச்சி கடைசி ஊசியை விட்டுவிடப் பார்த்தார், பின்னாலேயே நின்று கூட்டிப்போனேன். நம்மைப்போல் அடிக்கடி பூனைகளைக் கையாள்பவர்கள் கடி வாங்கும் முன்பே போட்டுக்கொள்வது நல்லது. கடித்தால் அப்போதும் ஊசி உண்டு, ஆனால் குறைவு.

புதுச்சேரியிலிருந்து:

எங்கள் கடைப் பின்புறம் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. பக்கத்தில் போனால் சீறிக்கூட எச்சரிக்காது, நேராக முகத்துக்குத்தான் வரும். நாங்கள் அந்த வழியாகச் சரக்கு எடுப்பதையே நிறுத்திவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தோம். குட்டிகள் வெளியே நடமாடத் தொடங்கியதும் தாய் தானாகத் தணிந்துவிட்டது. பூனைக்குட்டி மனிதரை நம்பப் பழகும் பருவம் சுமார் இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரைதான். அதற்குள் பழகிய குட்டிகள் வீடுகளுக்குப் போய்விட்டன. தாய் இன்றும் என்னைத் தொட விடாது, நானும் முயல்வதில்லை.

இப்போது அதற்குக் கருத்தடை செய்ய வேண்டும். கூண்டில் சிக்கியதும் மூக்கில் ரத்தம் வரும்வரை கம்பியில் மோதும் பூனைகளைப் பார்த்திருக்கிறேன். என்ன செய்வது, அக்கா?

திருவான்மியூரிலிருந்து:

தம்பி, கதவு விழுந்த அந்த நிமிடமே கூண்டு முழுவதையும் கனமான துணியால் மூடிவிடுங்கள். இருட்டானதும் பெரும்பாலும் அடங்கிவிடும். துணியைத் தேடிக்கொண்டு ஓடாமல் முன்கூட்டியே கையில் வைத்திருங்கள். முந்தைய இரவு சாப்பாட்டை நிறுத்தினால் மீன் வாசத்துக்குத் தானே உள்ளே வரும். மயக்க மருந்துக்கும் வெறும் வயிறு வேண்டும். தோல் கையுறையை நம்பிக் கையை உள்ளே விடாதீர்கள், பூனைப்பல் அதையும் துளைக்கும். இன்னும் பால் குடிக்கும் குட்டி ஏதாவது மிச்சம் இருந்தால் அது தானே சாப்பிடும்வரை பொறுங்கள்.

இன்னொன்று. சாந்தமாக இருந்த பூனை திடீரென்று சீறினால் பல்வலியோ, சீழ்க்கட்டியோ இருக்கலாம். மீன் கறியில் பாராசிட்டமால் பொடித்துக் கலந்து வைக்கலாமா என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் என்னிடம் கேட்டார். ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். எச்சில் ஒழுகி, தள்ளாடி, காரணமில்லாமல் ஆட்களைத் துரத்தினால் கூண்டும் வேண்டாம், தட்டும் வேண்டாம். பிள்ளைகளை வீட்டுக்குள் அழைத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

அறுவை முடிந்து முழுதாகத் தெளியும்வரை மூடிய கூண்டிலேயே இருக்கட்டும். திறக்கும்போது கதவு அட்டைப்பெட்டிகள் பக்கம் பார்த்திருக்கட்டும். நீங்கள் கூண்டுக்குப் பின்னால் நின்று திறந்துவிடுங்கள்.